முழங்கால் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சைக்குப் பின்: முதல் மூன்று மாத மறுவாழ்வுப் பயிற்சி

முழங்கால் மூட்டுத் தேய்மானத்தால் பல ஆண்டுகள் வலியைப் பொறுத்து வந்த நீங்கள், மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியிருக்கலாம். அல்லது அத்தகைய ஒருவரை வீட்டில் வைத்துக் கவனித்து வரலாம். இப்பக்கம் உங்கள் இருவருக்காகவும் எழுதப்பட்டது. அறுவைச் சிகிச்சை ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. ஆனால் புதிய மூட்டு எவ்வளவு நீளும், எவ்வளவு மடங்கும், எவ்வளவு தூரம் உங்களைச் சுமக்கும் என்பது அதற்குப் பின்வரும் வாரங்களில் வீட்டில் செய்யப்படும் பயிற்சியைப் பெரிதும் சார்ந்துள்ளது.

புறநோயாளர் பிரிவில் நாங்கள் அடிக்கடி காணும் ஒரு நிலை உண்டு. அறுவைச் சிகிச்சை நன்றாக நடந்திருக்கும், புண்ணும் ஆறியிருக்கும், ஆனால் கால் முழுமையாக நீளாது. விசாரித்தால், "வலிக்கிறதே என்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துப் படுக்க வைத்தோம், ஒரு மாதம் நடக்க விடவில்லை" என்று வீட்டார் கூறுவர். அன்பினால் அளிக்கப்பட்ட ஓய்வே மூட்டை இறுக வைத்துவிட்டது என்பதை அவர்கள் அறிந்திருப்பதில்லை. இந்த நிலையைத் தவிர்ப்பதே இப்பக்கத்தின் நோக்கம்.

பயிற்சி ஏன் இன்றியமையாதது?

இந்த அறுவைச் சிகிச்சையில் தொடை எலும்பின் கீழ் முனையிலும் கீழ்க்கால் எலும்பின் மேல் முனையிலும் தேய்ந்த பகுதிகள் மட்டும் நீக்கப்பட்டு, உலோகத்தாலான உறைகள் பொருத்தப்படுகின்றன. அவற்றுக்கு இடையே உறுதியான பிளாஸ்டிக் தகடு வைக்கப்படுகிறது. மூட்டை அசைக்கும் தசைகள் பழையவையே. பல ஆண்டு வலியால் நடமாட்டம் குறைந்து, தொடையின் முன்புறத் தசை ஏற்கெனவே மெலிந்திருக்கும். அறுவைச் சிகிச்சைக்குப் பின்வரும் வீக்கத்தால் அது மேலும் செயலிழந்து காணப்படும். இத்தசைக்கு மீண்டும் வலுவூட்டுவது பயிற்சியின் முதல் பணியாகும்.

இரண்டாவது பணி, மூட்டு இறுகாமல் காப்பது. புண் ஆறும்போது மூட்டின் உட்புறத்திலும் தழும்புத் திசு உருவாகிறது. தொடக்க வாரங்களில் இது மென்மையாக இருக்கும். அப்போது மூட்டை நாள்தோறும் நீட்டி மடக்கினால், அத்திசு அசைவுக்கு ஏற்றவாறு அமைகிறது. அசைக்காமல் விட்டால் நாளடைவில் தடித்து இறுகிவிடுகிறது. அதனால்தான் முதல் ஆறு வாரங்களை மிகவும் முக்கியமானவை என்கிறோம்.

நீட்டுதலும் மடக்குதலும்: எது முதலில்?

கால் முற்றிலும் நேராக நீண்டிருக்கும் நிலையை 0 பாகை என்றும், நாற்காலியில் அமர்ந்து முழங்காலுக்கு நேர் கீழே பாதத்தை வைத்திருக்கும் நிலையை 90 பாகை என்றும் கொள்ளலாம். சமதளத்தில் நடக்க ஏறத்தாழ 60 முதல் 70 பாகை வரை மடங்கினால் போதும். மாடிப்படி ஏறி இறங்கவும் நாற்காலியிலிருந்து எளிதாக எழவும் 90 பாகைக்கும் சற்று மேல் தேவைப்படும். பெரும்பாலோர்க்கு மூன்று மாதங்களில் 110 முதல் 120 பாகை வரை மடங்குதல் நல்ல இலக்காகும். அறுவைச் சிகிச்சைக்கு முன்பே மிகக் குறைவாக மடங்கிய மூட்டுக்கு இலக்கும் சற்றுக் குறைவாக இருக்கலாம்.

நோயாளிகள் பெரும்பாலும் "எவ்வளவு மடங்குகிறது?" என்பதையே கேட்கின்றனர். ஆனால் முழுமையாக நீளுதல் அதனினும் முக்கியமானது. கால் சற்றே மடங்கிய நிலையில் நின்றுவிட்டால், நிற்கும் ஒவ்வொரு நொடியும் தொடைத் தசை உழைத்துக்கொண்டே இருக்கும். விரைவில் சோர்வு வரும். அந்தக் கால் குட்டையானதுபோல் ஆகி நடை சாயும். இடுப்பிலும் முதுகிலும் மற்ற முழங்காலிலும் வலி தொடங்கும். ஆகவே நாள்தோறும் முதலில் நீட்டும் பயிற்சியையும், பின்னர் மடக்கும் பயிற்சியையும் செய்க.

முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்கக் கூடாது

படுக்கும்போது முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் வலி குறைந்ததுபோல் இருக்கும். ஆனால் இரவு முழுவதும் மூட்டு மடங்கிய நிலையிலேயே இருப்பதால் அது அந்நிலையிலேயே இறுகத் தொடங்குகிறது. வீக்கத்துக்காகக் காலை உயர்த்த வேண்டுமெனில், குதிகால் மற்றும் கணுக்காலுக்கு அடியில் மட்டும் தலையணை வைத்து, முழங்கால் நேராக இருக்குமாறு பார்த்துக்கொள்ளவும்.

வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிகள்

இயன்முறை மருத்துவர் வேறுவகையில் கூறாதவரை, ஒவ்வொரு பயிற்சியையும் 10 முறை வீதம், நாளொன்றுக்கு மூன்று வேளை செய்யலாம். மெத்தை அமுங்காத, உறுதியான கட்டிலே பயிற்சிக்கு ஏற்றது. தொய்யும் கயிற்றுக் கட்டில் ஏற்றதன்று.

1. கணுக்கால் அசைவு: மல்லாந்து படுத்து, பாதத்தை முன்னும் பின்னும் நன்றாக அசைக்கவும். கெண்டைக்கால் தசை சுருங்கி விரிவதால் இரத்த ஓட்டம் சீராகும். விழித்திருக்கும்போது மணிக்கு ஒருமுறை செய்யலாம்.

2. தொடைத் தசையை இறுக்குதல்: காலை நீட்டியபடி, முழங்காலின் பின்புறத்தைப் படுக்கையில் அழுத்தவும். தொடையின் முன்புறம் இறுகுவதைக் கையால் தொட்டு உணரலாம். ஐந்து எண்ணும்வரை நிறுத்தி, பின் தளர்த்தவும்.

3. குதிகால் உயர்த்தி நீட்டுதல்: சுருட்டிய துண்டைக் குதிகாலுக்கு அடியில் வைத்து, முழங்கால் தன் எடையாலேயே கீழிறங்குமாறு 5 முதல் 10 நிமிடங்கள் விடவும். இதை மட்டும் பத்து முறை செய்ய வேண்டியதில்லை. வேளைக்கு ஒருமுறை போதும்.

4. குதிகாலை இழுத்து மடக்குதல்: மல்லாந்து படுத்து, குதிகாலைப் படுக்கையிலேயே தேய்த்தபடி இடுப்பை நோக்கி இழுக்கவும். இயன்ற அளவு மடக்கி, ஐந்து எண்ணி, மெதுவாக நீட்டவும். குதிகாலின் கீழ் ஒரு வழுவழுப்பான துணியை விரித்துக்கொண்டால் எளிதாக நகரும்.

5. நேர்காலை உயர்த்துதல்: மற்றக் காலை மடக்கி வைத்து, அறுவைச் சிகிச்சை செய்த காலை மடங்காமல் ஒரு சாண் உயரம் தூக்கவும். ஐந்து எண்ணி மெதுவாக இறக்கவும். முதல் சில நாட்களில் கால் எழாமல் இருக்கலாம். அப்போது இரண்டாம் பயிற்சியைத் தொடர்ந்து செய்து வந்தால் வலு கிட்டும்.

6. அமர்ந்து மடக்குதல்: நாற்காலியில் அமர்ந்து, பாதத்தைத் தரையில் தேய்த்தபடி பின்னோக்கி நகர்த்தவும். பின்னர் மற்றப் பாதத்தை அதன் முன்னே வைத்து மெதுவாக அழுத்தினால் இன்னும் சற்று மடங்கும்.

மருத்துவர் எழுதிக் கொடுத்த வலி மாத்திரையைப் பயிற்சிக்கு அரை மணி நேரம் முன்னர் எடுத்துக்கொள்வது நல்லது. பயிற்சி முடிந்தபின், துணியில் சுற்றிய பனிக்கட்டியை 15 நிமிடங்கள் மூட்டின் மீது வைக்கலாம். பனிக்கட்டி நேரடியாகத் தோலில் படக் கூடாது. கட்டும் நனையக் கூடாது.

எந்தக் காலத்தில் என்ன?

முதல் சில நாட்கள், மருத்துவமனையில்: அறுவைச் சிகிச்சை நடந்த அன்றோ மறுநாளோ உங்களை எழுந்து நிற்கச் செய்வார்கள். இது அவசரத்தால் செய்யப்படுவதன்று. விரைவில் எழுந்து நடப்பது, கால் நாளங்களில் இரத்தம் உறைவதையும் நுரையீரலில் சளி தேங்குவதையும் குறைக்கும். வாக்கரை முன்னே வைத்து, அடுத்து அறுவைச் சிகிச்சை செய்த காலையும், பின்னர் மற்றக் காலையும் எடுத்து வைக்கவும். கைகளைத் தொங்கவிட்டு நிற்கும்போது வாக்கரின் பிடி மணிக்கட்டின் உயரத்தில் இருக்க வேண்டும்.

வீட்டில் முதல் இரண்டு வாரங்கள்: வலியும் வீக்கமும் மிகுந்திருக்கும் காலம் இது. வீட்டுக்குள் நாளொன்றுக்குப் பல முறை சிறிது சிறிதாக நடக்கவும். ஒரே இடத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் அமர்ந்திருக்க வேண்டாம். இரண்டாம் வார முடிவில் கால் நேராக நீளவும் 90 பாகையை நெருங்கி மடங்கவும் வேண்டும் என்பது பொதுவான இலக்கு. தையல் அல்லது ஸ்டேப்பிள் வழக்கமாக 10 முதல் 14 நாட்களுக்குள் அகற்றப்படும்.

மூன்று முதல் ஆறு வாரங்கள்: நடை உறுதியானதும், இயன்முறை மருத்துவரின் ஒப்புதலுடன் வாக்கரிலிருந்து கைத்தடிக்கு மாறலாம். கைத்தடியை அறுவைச் சிகிச்சை செய்த காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். வலக்காலில் சிகிச்சை எனில், தடி இடக்கையில் இருக்கும். படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது அறுவைச் சிகிச்சை செய்த கால் முதலில். கைப்பிடி இல்லாத படிகளில் துணையின்றி ஏற வேண்டாம்.

ஏழு முதல் பன்னிரண்டு வாரங்கள்: வெளியே நடக்கும் தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டவும். அமர்ந்து செய்யும் பணிக்குப் பலர் ஆறு வார அளவில் திரும்புகின்றனர். நின்று செய்யும் பணிக்கும் சுமை தூக்கும் பணிக்கும் மூன்று மாதங்களோ அதற்கு மேலோ ஆகலாம். வயல் வேலை, கட்டட வேலை செய்வோர் மருத்துவரிடம் தம் பணியின் தன்மையை விளக்கிக் கூறி, அதற்கேற்ற அறிவுரை பெறவும். இருசக்கர வண்டி ஓட்டுவதும் மருத்துவரின் ஒப்புதலுக்குப் பின்னரே.

மூன்று மாதங்களுக்குப் பின்: வலுவும் நடையும் ஓராண்டு வரை தொடர்ந்து மேம்படும். எனவே தொடைத் தசைப் பயிற்சியையும் நடைப்பயிற்சியையும் கைவிட வேண்டாம்.

முன்னேற்றத்தை நீங்களே அளந்து பார்க்க

நீட்டலை அறிய: கட்டிலில் காலை நீட்டி, முழங்காலைக் கீழ்நோக்கி அழுத்தவும். உடனிருப்பவர் முழங்காலின் பின்புறம் உள்ளங்கையை நுழைத்துப் பார்க்கட்டும். இடைவெளி வாரந்தோறும் குறைந்து வருதல் வேண்டும்.

மடக்கலை அறிய: ஒரு நாற்காலியைச் சுவரையொட்டி வைத்து, அதில் நன்கு பின்தள்ளி அமரவும். இயன்ற அளவு பாதத்தைப் பின்னிழுத்து, பெருவிரல் இருக்கும் இடத்தில் தரையில் சுண்ணக்கட்டியால் கோடு இடவும். மறுவாரம் அதே நாற்காலியில் அவ்வாறே அமர்ந்து மீண்டும் கோடு இடவும். புதிய கோடு பழையதற்குப் பின்னால் விழுந்தால் முன்னேற்றம் உண்டு. இரண்டு வாரங்களாகக் கோடு நகரவில்லை எனில், அடுத்த மறுபரிசோதனை நாள் வரை காத்திராமல் மருத்துவரைக் காணவும்.

போதிய அளவு மடங்காத மூட்டை, மயக்க மருந்து கொடுத்து மெதுவாக மடக்கிவிடும் முறை ஒன்று உண்டு. அது முதல் மூன்று மாதங்களுக்குள் செய்யப்படும்போதே நல்ல பயன் தருகிறது. தாமதித்து வருவோருக்கு அந்த வாய்ப்புக் குறைந்துவிடுகிறது.

உடனிருந்து கவனிப்போருக்கு

வலியில் முகம் சுளிக்கும் தாயையோ தந்தையையோ "எழுந்து நடங்கள்" என்று சொல்வது எளிதன்று. ஆயினும் தாங்கக்கூடிய வலியோடு செய்யும் பயிற்சி புதிய மூட்டுக்குத் தீங்கு செய்வதில்லை. பயிற்சிக்குப் பின் கூடிய வலி சிறிது நேரத்தில் பனி ஒத்தடத்தால் தணிந்தால், பயிற்சியின் அளவு சரியே. மறுநாளும் வலியும் வீக்கமும் கூடியே இருந்தால், ஒரு நாள் அளவைக் குறைத்துப் பின் தொடரவும்.

நீங்கள் செய்யத் தக்கவை: பயிற்சி நேரத்தை நினைவூட்டுதல், முதல் நாட்களில் நடக்கும்போது அருகில் நிற்றல், மாத்திரைகளை நேரம் தவறாது கொடுத்தல், மேற்கூறிய அளவைக் குறித்து வைத்தல்.

செய்யக் கூடாதவை: கையைப் பிடித்து வேகமாக இழுத்துத் தூக்குதல், காலைப் பிடித்து வலுக்கட்டாயமாக மடக்குதல், எண்ணெய் தேய்த்து நீவிவிடுதல், மூட்டுக்குக் கட்டுப் போடுதல். உணவையும் தண்ணீரையும் எப்போதும் படுக்கைக்கே கொண்டுவந்து தருவதையும் நிறுத்திக்கொள்ளவும். சாப்பாட்டு மேசைவரை அவர் நடந்து வருவதும் பயிற்சியே.

வீட்டைச் சீரமைத்தல்

கீழே விழுந்தால் புதிய மூட்டைச் சுற்றியுள்ள எலும்பு முறியக்கூடும். அதற்கான சிகிச்சை மிகக் கடினமானது. எனவே, நோயாளி வீடு வருவதற்கு முன்பே இவற்றைச் செய்து வைக்கவும்.

• நடக்கும் வழியிலுள்ள மிதியடி, மின்கம்பி, பாய் ஆகியவற்றை அகற்றவும்.
• குளியலறைத் தரை ஈரமின்றி இருக்கட்டும். உள்ளே ஓர் உறுதியான பிளாஸ்டிக் நாற்காலியும் சுவரில் கைப்பிடியும் இருத்தல் நல்லது.
• குந்தி அமரும் கழிப்பறை மட்டுமே இருப்பின், கழிப்பறை நாற்காலி ஒன்றை வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ வைத்துக்கொள்ளவும்.
• கட்டிலும் நாற்காலியும் முழங்கால் உயரத்துக்குச் சற்று மேலாக இருக்க வேண்டும். நாற்காலிக்குக் கைப்பிடிகள் தேவை.
• இரவில் கழிப்பறைக்குச் செல்லும் வழியில் சிறு விளக்கு எரியட்டும். மின்தடைக்குக் கைவிளக்கு ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.
• புடவையும் வேட்டியும் காலில் தடுக்காதவாறு சற்று உயர்த்திக் கட்டவும். பின்பக்க வார் உள்ள செருப்பையே அணியவும்.

உடனே மருத்துவ உதவி தேவைப்படும் அறிகுறிகள்

திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமும்போது இரத்தம், மயக்கம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று தோன்றினால் உடனே 108 ஆம்புலன்ஸை அழைக்கவும். காலில் உறைந்த இரத்தம் நுரையீரலை அடைந்ததன் அறிகுறியாக அது இருக்கலாம்.

கீழ்க்கண்டவை இருப்பின் அன்றே மருத்துவமனைக்கு வரவும்:

• கெண்டைக்காலில் புதிதாகத் தோன்றும் வீக்கம், இறுக்கம், அழுத்தினால் வலி
• காய்ச்சல், குளிர்நடுக்கம்
• புண்ணிலிருந்து நீரோ சீழோ கசிதல், சிவப்பு பரவுதல், தையல் விரிதல்
• குறைந்து வந்த வலி திடீரெனக் கூடுதல், கீழே விழுதல், காலை ஊன்ற இயலாமை
• கருநிற மலம் அல்லது ஈறு, மூக்கு வழி இரத்தக்கசிவு (இரத்த உறைவைத் தடுக்கும் மருந்து எடுப்போருக்கு)

புண் கசியும்போது மருந்துக் கடையில் நீங்களாகவே நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை வாங்கி உட்கொள்ள வேண்டாம். அது கிருமியை முழுமையாக அழிக்காமல், நோயறிதலை மட்டும் கடினமாக்கும்.

அடிக்கடி எழும் ஐயங்கள்

கேள்வி: மூட்டு சூடாக இருக்கிறது, வீக்கமும் வடியவில்லை. இது இயல்பா?
பதில்: காய்ச்சலும் கசிவும் இல்லையெனில், இளஞ்சூடும் ஓரளவு வீக்கமும் சில மாதங்கள் வரை நீடிப்பது இயல்பே. தழும்பின் வெளிப்புறத்தில் தோல் மரத்திருப்பதும், நடக்கும்போது மூட்டில் மெல்லிய ஒலி கேட்பதும் அச்சத்துக்குரியவை அல்ல.

கேள்வி: பத்தியம் இருக்க வேண்டுமா?
பதில்: வேண்டாம். புண் ஆறவும் தசை வலுப்பெறவும் புரதம் தேவை. முட்டை, மீன், பருப்பு, சுண்டல், பால், தயிர் ஆகியவற்றை வழக்கம்போல் உண்ணலாம். முட்டையும் மீனும் புண்ணில் சீழ் வைக்கும் என்பது தவறான நம்பிக்கை. சீழ் வைப்பதற்கு வழிவகுப்பவற்றுள் முக்கியமானது கட்டுப்பாடற்ற சர்க்கரை நோய். ஆகவே சர்க்கரை அளவைத் தவறாது பரிசோதிக்கவும். புகைப்பழக்கமும் புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் உணவுமுறையை மருத்துவரிடம் கேட்டறியவும்.

கேள்வி: புண்ணின் மீது மஞ்சள் பூசலாமா?
பதில்: கூடாது. மஞ்சள், எண்ணெய், தைலம் எதையும் பூச வேண்டாம். மருத்துவர் அனுமதிக்கும்வரை புண் நனையாமல் பார்த்துக்கொள்ளவும்.

கேள்வி: தரையில் சம்மணமிட்டு அமரலாமா?
பதில்: குந்துவதையும், சம்மணமிடுவதையும், மண்டியிடுவதையும் தவிர்ப்பதே நல்லது. அவை மூட்டின் மீது மிகுந்த அழுத்தம் தருபவை. உணவு, வழிபாடு, தொழுகை ஆகியவற்றுக்கு நாற்காலியைப் பயன்படுத்தவும்.

கேள்வி: என்னோடு சிகிச்சை பெற்றவர் தடியின்றி நடக்கிறார், நான் இன்னும் வாக்கரில் இருக்கிறேன். ஏதேனும் தவறா?
பதில்: வயது, உடல் எடை, மற்ற முழங்காலின் நிலை, அறுவைச் சிகிச்சைக்கு முன்பிருந்த தசை வலு ஆகியவற்றைப் பொறுத்து வேகம் மாறுபடும். உங்கள் சென்ற வார நிலையோடு இவ்வார நிலையை ஒப்பிடுவதே சரியான முறை.

கேள்வி: வலி மாத்திரையை எவ்வளவு நாள் எடுக்கலாம்?
பதில்: மருத்துவர் குறித்த அளவும் நாளும் மட்டுமே. அதற்குமேல் கடையில் வாங்கி உண்ணும் வலி மாத்திரைகள் சிறுநீரகத்தையும் இரைப்பையையும் பாதிக்கும். இரத்த உறைவுத் தடுப்பு மருந்துடன் அவை சேர்ந்தால் இரத்தக்கசிவு ஏற்படும் ஆபத்தும் கூடும்.

அரசு மருத்துவ வசதிகள்

தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் இயன்முறை சிகிச்சைப் பிரிவுகள் உள்ளன. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போது வழங்கப்படும் குறிப்பேட்டை எடுத்துச் சென்றால், பயிற்சியை உங்கள் ஊருக்கு அருகிலேயே தொடரலாம். அடிக்கடி பயணம் செய்ய இயலாதோர், 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் வாயிலாக வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை பெறுவது குறித்து, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிராம சுகாதார செவிலியரிடமோ கேட்டறியலாம். பொதுவான மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம்.

மறுபரிசோதனைக்கு வரும்போது மருத்துவரிடம் மூன்று கேள்விகளைத் தவறாமல் கேட்கவும்: என் கால் முழுமையாக நீளுகிறதா? எத்தனை பாகை மடங்குகிறது? அடுத்த வருகைக்குள் எவ்வளவு முன்னேற வேண்டும்? விடைகளைக் குறிப்பேட்டில் எழுதிவரவும். வலி குறைந்துவிட்டது என்பதற்காக மறுபரிசோதனையைத் தவிர்க்க வேண்டாம். பல் சிகிச்சையோ வேறு அறுவைச் சிகிச்சையோ பின்னாளில் தேவைப்பட்டால், செயற்கை மூட்டு பொருத்தப்பட்டுள்ளதை அந்த மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவிக்கவும்.

குறிப்பு: இப்பக்கத்திலுள்ளவை பொதுவான தகவல்கள். இரு முழங்கால்களிலும் ஒரே நேரத்தில் சிகிச்சை பெற்றோர், எலும்பு முறிவுக்காகச் சிகிச்சை பெற்றோர், மாற்றிய மூட்டையே மீண்டும் மாற்றிக்கொண்டோர் ஆகியோருக்குப் பயிற்சியின் அளவும் கால வரையறையும் மாறுபடும். உங்களுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவரும் இயன்முறை மருத்துவரும் கூறும் அறிவுரையையே பின்பற்றவும்.